தோலின் வகைகளும் வகைகளின் தோலும்

முகத்துக்குத் தடவும் ஈரப்பதக் களிம்பு ஒன்றின் அட்டைப்பெட்டியை ஒரு பிரதியாக வாசிக்கத் தொடங்கினால், அது எதைச் சொல்கிறது என்பதைவிட யாரை அழைக்கிறது என்பதுதான் முதலில் கண்ணில் படுகிறது. வறண்ட சருமத்துக்கு, எண்ணெய்ப்பசைச் சருமத்துக்கு, கலவைச் சருமத்துக்கு, எளிதில் பாதிக்கப்படும் சருமத்துக்கு. தெருவில் போலீஸ்காரர் 'ஏய்' என்று கூப்பிட, திரும்பிப் பார்க்கிறவர் அந்தத் திரும்பலிலேயே தன்னிலையாகிவிடுகிறார் என்று அல்தூஸர் விளக்கியது அரசையும் கருத்துநிலையையும் பற்றி. மருந்துக் கடையில் நடப்பதும் ஏறக்குறைய அதுதான். "உங்க ஸ்கின் டைப் என்ன சார்?" என்கிறார் மேசைக்கு அப்பால் நிற்கிற பையன். நாமும் கொஞ்சம் யோசித்து ஏதோ ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். அதுவரைக்கும் நமக்குத் தோல்தான் இருந்தது. அதற்குப் பிறகு ஒரு வகை இருக்கிறது.

தமிழ் விளம்பரங்கள் 'சருமம்' என்றுதான் எழுதுகின்றன, 'தோல்' என்று எழுதக் கூசுகின்றன. தோல் என்றால் செருப்பு, பறை, ஆம்பூர், வாணியம்பாடி, தோல் ஷாப்பின் நாற்றம். சருமம் என்றால் முகம். இந்தப் பெயர்மாற்றத்தில் வீசும் சாதி வாடையைப் பற்றித் தனியாக எழுதவேண்டும். இப்போதைக்கு நான் தோல் என்றே எழுதிக்கொண்டு போகிறேன்.

வறண்டது, எண்ணெய்ப்பசை உள்ளது, இயல்பானது என்று தோலை மூன்றாகப் பிரித்து விற்றவர் என்று அழகுத்துறை வரலாறுகள் ஹெலனா ரூபின்ஸ்டைனைக் குறிப்பிடுகின்றன. போலந்தின் க்ராக்கோவில் பிறந்து, ஆஸ்திரேலியாவுக்குப் போய், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மெல்போர்னில் களிம்புக் கடை திறந்தவர். ஒரே களிம்பை எல்லோருக்கும் விற்கிற வியாபாரி ஒரு தடவைதான் விற்கமுடியும். ஆளைப் பிரித்தால் புட்டியையும் பிரிக்கலாம். வகைமை இங்கே அறிவின் விளைபொருளாக வரவில்லை, அலமாரியின் அமைப்பிலிருந்து வந்தது. பின்னால் தோல் மருத்துவரான லெஸ்லி பௌமன் இதை 16 வகைகளாக்கினார் (2005). பெருகுவது வகைமையின் இயல்பு.

அப்படியானால் வகையே பொய்யா என்று கேட்கலாம். பொய்யில்லை, ஆனால் பிரிக்கிற கத்தி தப்பான இடத்தில் விழுகிறது. எண்ணெய்ப்பசையும் வறட்சியும் ஒரே கோட்டின் இரு முனைகளென்று அட்டைப்பெட்டி பாவிக்கிறது. எண்ணெய் என்பது சுரப்பிகளின் விஷயம். முகத்திலும் மார்பிலும் முதுகிலும் அவை நெருக்கமாக இருக்கின்றன, உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் கிடையவே கிடையாது. வறட்சி என்பது மேல்தோலின் கடைசி அடுக்கில் நிற்கிற தண்ணீரின் விஷயம். அதாவது இரண்டும் வேறுவேறு கோடுகள். நெற்றியில் எண்ணெய் மினுங்க, அதே நெற்றி தண்ணீர் இல்லாமல் இழுத்துப் பிடித்துக்கொண்டிருப்பது தினமும் நடக்கிற காரியம். ஒரே ஆளின் மூக்குக்கும் முழங்காலுக்குக் கீழே உள்ள பகுதிக்கும் இடையிலான வித்தியாசம், பல நேரம் இரண்டு ஆட்களின் மூக்குகளுக்கு இடையில் இருப்பதைவிடப் பெரிது. குளிர்பதன அறையில் எட்டு மணி நேரம் உட்கார்ந்தாலோ, சோப்பை மாற்றினாலோ, வயது ஐம்பதைத் தாண்டினாலோ 'வகை' மாறிவிடும். சோப்பின் காரம் 9, 10 என்ற அளவில் இருக்க, தோல் தன் மேற்பரப்பை 5ஐ ஒட்டிய அமிலத்தன்மையில் வைத்துக்கொள்ளப் பாடுபடுகிறது. காலையில் அதைச் சுரண்டி எடுத்துவிட்டு மாலையில் களிம்பு தேடுகிறோம்.

ரொலான் பார்த் தன் 'தொன்மங்கள்' நூலில் (1957) அழகுக் களிம்பு விளம்பரங்களைப் பற்றி எழுதியிருக்கிறார். தண்ணீரும் கொழுப்பும் அங்கே இரண்டு எதிர்க் குறிகளாக இயங்குவதை, 'ஆழம்' என்ற கற்பனையை அந்த விளம்பரங்கள் கட்டியெழுப்புவதை அவர் காட்டுகிறார். பார்த்தின் வாசிப்பு இன்றும் செல்லுபடியாகிறது. ஆனால் அவர் தொடாத ஓரிடம் உண்டு. அந்தத் தண்ணீரும் கொழுப்பும் குறிகள் மட்டுமல்ல. 1952இல் இர்வின் ப்ளாங்க் என்ற ஆய்வாளர் ஒரு எளிய வேலை செய்தார். காய்ந்து விறைத்த தோல்காய்ப்பை எண்ணெயில் ஊறப்போட்டார். அது விறைப்பாகவே கிடந்தது. தண்ணீர் ஏறியபோதுதான் வளைந்தது. கடைசி அடுக்கில் நீர் சுமார் 10 சதவீதத்துக்குக் கீழே போனால் அது நொறுங்கத் தொடங்குகிறது. தோலை மென்மையாக்குவது தண்ணீர்தான், எண்ணெயின் வேலை அந்தத் தண்ணீரைப் போகவிடாமல் மூடுவது. நம்மூர்க் குறியியல்காரர்கள் (என்னையும் சேர்த்துத்தான்) எல்லாமே சொல்லாடல் என்று முடித்துவிடுகிற அவசரத்தில் இந்த மாதிரியான பிடிவாதமான பொருள்மையைத் தவறவிடக்கூடாது.

இதிலிருந்து தேர்வு என்பது அவ்வளவு சிக்கலான விஷயமில்லை. தண்ணீரை இழுத்து வைக்கிற சரக்கு ஒன்று: கிளிசரின், யூரியா, ஹையலுரானிக் அமிலம். மூடுகிற சரக்கு ஒன்று: வாசலின், மெழுகு, தாது எண்ணெய். செல்களுக்கிடையில் சாந்துபோல் நிரம்புகிற கொழுப்புகள் ஒன்று, செராமைடு அந்த ரகம். முகத்தில் எண்ணெய் வழிகிறவருக்கு முதல் சரக்கு கூடுதலாகவும் மூடி மெல்லியதாகவும் இருந்தால் போதும். கால் வெடிக்கிறவருக்குத் தடித்த மூடி வேண்டும், கூடவே யூரியா. எதுவானாலும் ஈரம் காய்வதற்கு முன்னால் தடவவேண்டும், இல்லாவிட்டால் எதை மூடுவது? தேங்காய் எண்ணெய் மூடியாக நன்றாகவே வேலை செய்கிறது. 2004இல் ஃபிலிப்பைன்ஸில் வறண்ட தோல் உள்ளவர்களிடம் நடத்திய ஆய்வில் அது தாது எண்ணெய்க்குச் சமமாக நின்றது. ஆனால் பரு வருகிற முகத்தில் அதை அப்புவதைப் 'பாட்டி வைத்தியம்' என்று கொண்டாடுகிற சுதேசிச் சொல்லாடலும் இன்னொரு அட்டைப்பெட்டிதான்.

மற்றபடி பெட்டியில் உள்ள சொற்களில் பலவற்றுக்குப் பின்னால் ஒன்றுமில்லை. 'ஒவ்வாமை தராது' என்பதற்கு அமெரிக்க அரசு 1975இல் ஒரு வரையறை கொண்டுவந்தது. இரண்டு அழகுப்பொருள் நிறுவனங்கள் வழக்குத் தொடுக்க, 1977இல் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. சொல் மட்டும் மிஞ்சியது. வாசனை சேர்க்காதது எது என்று பார்ப்பது அதைவிடப் பயனுள்ளது.

'துளைகளை அடைக்காது' என்ற சொல்லுக்கு வேறுமாதிரியான வரலாறு. இதுதான் என்னை நீண்ட நாள் தொந்தரவு செய்தது. எந்தச் சரக்கு பருவை உண்டாக்கும் என்று முயலின் காதில் தடவிப் பார்க்கும் சோதனையைப் பிரபலமாக்கியவர்களில் முக்கியமானவர் பென்சில்வேனியா பல்கலைக்கழகத் தோல் மருத்துவர் ஆல்பெர்ட் கிளிக்மன். ஈரப்பதக் களிம்பு உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று அளக்கும் முறையை 1978இல் முன்வைத்தவரும் அவரே. வறண்ட கால்களில் சில வாரம் பூசி, நிறுத்திவிட்டு, எத்தனை நாளில் பழைய வறட்சி திரும்புகிறது என்று பார்ப்பது. நல்ல முறை. தடவிய நிமிடத்துப் பளபளப்பை நம்பாதே, நிறுத்திய பிறகு என்ன ஆகிறது என்று பார் என்கிறது. நான் ஒரு களிம்பை மதிப்பிடுவதும் இப்படித்தான்.

அதே கிளிக்மன் 1951 முதல் 1974 வரை ஃபிலடெல்ஃபியாவின் ஹோம்ஸ்பர்க் சிறையில் கைதிகள் மேல் சோதனைகள் நடத்தினார். சில டாலர்களுக்காக முதுகைக் கொடுத்தவர்களில் பெரும்பகுதி கறுப்பினத்தவர். நிறுவனங்களின் சோப்பு, வாசனைப் பொருட்களிலிருந்து டையாக்ஸின் என்ற கொடிய நஞ்சுவரை அந்த முதுகுகளில் தடவப்பட்டன. முதன்முதலில் சிறைக்குள் நுழைந்தபோது தனக்குத் தெரிந்தது ஏக்கர் கணக்கில் தோல்தான் என்ற பொருள்பட அவர் பேட்டியில் பேசினார். ஆலன் ஹார்ன்ப்ளம் 1998இல் வெளியிட்ட நூலுக்கு அதுவே தலைப்பானது. பல்கலைக்கழகம் 2021இலும் நகர நிர்வாகம் 2022இலும் மன்னிப்புக் கேட்டன. கிளிக்மன் 2010இலேயே இறந்துவிட்டார்.

சிறை உடலைக் கண்காணித்துப் பணியவைக்கிறது என்று ஃபூக்கோ எழுதினார். ஹோம்ஸ்பர்க்கில் அது இன்னொன்றும் செய்தது: உடலை நிலமாக்கியது. அங்கே வகைகள் இல்லை. வறண்டது, எண்ணெய்ப்பசை உள்ளது என்று கைதியை யாரும் கூப்பிடவில்லை. வாங்குகிறவருக்குத்தான் வகை, சோதிக்கப்படுகிறவருக்குப் பரப்பளவு.

வகை இல்லாத தோல் இன்னோரிடத்திலும் உண்டு, அங்கே அதன் பொருள் வேறு. தொழுநோயில் நரம்பு செத்தால் உணர்ச்சியோடு வியர்வையும் போய்விடுகிறது. உள்ளங்கால் காய்ந்து வெடிக்கும், வலி தெரியாமல் புண் எலும்புவரை போகும், விரல்கள் போகும். வேலூரை அடுத்த கரிகிரி போன்ற தொழுநோய் மருத்துவமனைகளில் இதற்குச் சொல்லிக்கொடுப்பது ப்ளாங்க் கண்டதைத்தான். வாளியில் சாதாரணத் தண்ணீர், வெந்நீர் கூடாது, சூடு தெரியாது. இருபது நிமிடம் ஊறவேண்டும். தடித்த தோலைச் சொரசொரப்பான கல்லில் தேய்க்கவேண்டும். ஈரத்தோடேயே தேங்காய் எண்ணெயோ வாசலினோ. தினமும், ஆயுள் முழுக்க. அடுத்த தடவை போகும்போது அங்கே கேட்கிற கேள்வி, "கால ஊறப்போட்டீங்களா?" என்பது. அதற்குப் பிறகு பாதத்தைத் திருப்பி வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்கிறார்கள்.