எரிந்தவையும் எஞ்சியவையும்: தென்னிந்தியப் பழம்படங்களின் பின்கதை

தென்னிந்தியாவின் முதல் கதைப்படமான 'கீசகவதம்' சென்னை கீழ்ப்பாக்கம் மில்லர்ஸ் சாலையில், ஒரு பங்களாவில் போட்ட கொட்டகைக்குள் உருவானது. எடுத்தவர் மோட்டார் உதிரிபாக வணிகத்தில் இருந்த ஆர். நடராஜ முதலியார். கர்சன் பிரபு பற்றிய ஆவணப்படத்துக்காகப் புனேயில் முகாமிட்டிருந்த ஸ்டூவர்ட் ஸ்மித் என்ற ஒளிப்பதிவாளரிடம் கேமரா பிடிக்கக் கற்றுக்கொண்டு, இந்தியா பிலிம் கம்பெனி என்று ஒன்றைத் தொடங்கினார். சென்னை வெயிலில் படச்சுருளைக் கழுவ முடியாததால் அந்த வேலை பெங்களூரில் நடந்தது. படம் வெளியான ஆண்டை 1917 என்பாரும் உண்டு, 1918 என்பாரும் உண்டு. சுமார் 35,000 ரூபாய் செலவில் எடுத்த படம் போட்ட பணத்தை மீட்டது. அடுத்தடுத்துப் புராணப் படங்களும் வந்தன. ஆனால் சில ஆண்டுகளிலேயே தொல்லைகள் பெருகின. தீ விபத்தில் மகனைப் பறிகொடுத்த முதலியார் படத்தொழிலை விட்டே விலகினார். அவர் எடுத்த படங்களில் ஒன்றின் பிரதிகூட இன்று இல்லை.

தென்னிந்தியத் திரைவரலாற்றின் தொடக்க அதிகாரங்களில் பெரும்பகுதி இப்படித்தான், படமே இல்லாமல் எழுதப்பட்டிருக்கிறது. 1950களின் தொடக்கம்வரை படச்சுருள்கள் நைட்ரேட் அடித்தளத்தில் தயாராயின. எளிதில் தீப்பற்றும், சூட்டிலும் ஈரத்திலும் பிசுபிசுத்துப் பொடியாகும் பொருள் அது. ஓடி முடிந்த படத்தின் சுருளில் இருந்த வெள்ளிக்கு மதிப்பு இருந்தது, படத்துக்கு இருக்கவில்லை. வெள்ளியைப் பிரித்தெடுப்பதற்காகவே பிரதிகள் எடைக்குப் போடப்பட்டன. 1964இல் புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தொடங்கியபோது ஊமைப்படங்களில் மிகப்பெரும்பாலானவை ஏற்கெனவே போய்விட்டன. எந்தப் படம் மிஞ்சியது, எது மிஞ்சவில்லை என்பதைத் தீர்மானித்தது அதன் தரமும் அல்ல, வசூலும் அல்ல. வழக்கு, கடன், தடை போன்ற வெளிக்காரணங்களே பல நேரங்களில் தீர்மானித்தன.

திருவிதாங்கூரில் எடுத்த முதல் இரண்டு ஊமைப்படங்களின் கதை இதற்குத் தெளிவான சான்று. இன்றைய குமரி மாவட்டத்து அகஸ்தீசுவரத்தில் பிறந்த ஜே.சி. டேனியல் குடும்ப நிலத்தை விற்றுத் திருவனந்தபுரத்தில் டிராவன்கூர் நேஷனல் பிக்சர்ஸ் என்ற ஸ்டூடியோவை நிறுவினார். 'விகதகுமாரன்' படத்துக்குத் தயாரிப்பாளர், இயக்குநர், ஒளிப்பதிவாளர், கதாநாயகன் எல்லாம் அவரே. நாயகியாக நடிக்க வந்தவர் பி.கே. ரோசி. புல்லறுத்துப் பிழைத்துவந்த தலித் பெண், காக்காரிசி நாடகங்களில் ஆடிப் பழகியவர். படத்தில் அவருக்குக் கிடைத்த வேடம் ஒரு நாயர் பெண்ணுடையது.

திருவனந்தபுரம் கேப்பிடல் தியேட்டரில் படம் திரையிடப்பட்டது. ஆண்டு 1928 என்று ஒரு சாரார், 1930 என்று இன்னொரு சாரார். ரோசி வந்தால் விழாவுக்கு வரமாட்டோம் என்று பெரிய மனிதர்கள் சொன்னதால் அவர் முதல் காட்சிக்கு அழைக்கப்படவில்லை என்று கூறப்படுகிறது. தலித் பெண்ணொருத்தி நாயர் பெண்ணாகத் திரையில் தோன்றியதைப் பொறுக்காத கூட்டம் கல்லெறிந்து திரையைக் கிழித்தது. ரோசியின் குடிசைக்கும் தீ வைக்கப்பட்டது. லாரி ஒன்றில் ஏறித் தப்பிய அவர், நாகர்கோவில் பக்கத்தில் ராஜம்மாள் என்ற பெயரில் எஞ்சிய வாழ்நாளைக் கழித்ததாக அவரைத் தேடிச் சென்றவர்கள் எழுதியிருக்கிறார்கள். தாம் நடித்த படத்தை அவர் ஒருமுறையாவது பார்த்தார் என்பதற்குச் சான்றில்லை. தென்னிந்தியத் திரையில் நடந்த அநீதிகளில் இதைவிடக் கொடியதைத் தேடுவது கடினம்.

டேனியல் கடனில் மூழ்கினார். கருவிகளை விற்றுப் பல் மருத்துவராகப் பிழைத்து, 1975இல் அகஸ்தீசுவரத்தில் காலமானார். நலிந்த கலைஞர்களுக்கான உதவித்தொகை கேட்டபோது, தமிழ்நாட்டில் வசிப்பவர் என்று காரணம் காட்டிக் கேரள அரசு மறுத்தது. மொழிவாரி எல்லை அவர் ஊரைத் தமிழ்நாட்டில் சேர்த்திருந்தது, அவ்வளவுதான். செலங்காட்டு கோபாலகிருஷ்ணன் என்ற பத்திரிகையாளர் விடாமல் எழுதியதன் பயனாகவே டேனியல் மலையாள சினிமாவின் தந்தை என்று ஏற்கப்பட்டார். 1992 முதல் கேரள அரசின் வாழ்நாள் சாதனை விருது அவர் பெயரில் வழங்கப்படுகிறது. படம் மட்டும் திரும்பவில்லை. சிறுவனாக இருந்தபோது சுருள்களை விளையாட்டாக எரித்ததாக அவருடைய மகனே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

டேனியலின் உறவினர் ஆர். சுந்தர்ராஜ் தயாரிக்க, பி.வி. ராவ் இயக்கிய 'மார்த்தாண்ட வர்மா' 1933இல் அதே கேப்பிடலில் வெளியானது. மூலம் சி.வி. ராமன் பிள்ளையின் 1891ஆம் ஆண்டு நாவல். நாவலின் பதிப்புரிமை கமலாலயா புக் டிப்போவிடம் இருந்தது, அனுமதி பெறாமலே படம் எடுக்கப்பட்டிருந்தது. பதிப்பகம் வழக்குத் தொடுத்தது. சில நாட்களிலேயே காட்சிகள் நின்றன, பிரதி பறிமுதலாகிப் பதிப்பகத்தின் கிடங்குக்குப் போனது. தயாரிப்பாளர் மீளவே இல்லை. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழித்து, 1974இல், காப்பகத்தின் பி.கே. நாயர் அந்தக் கிடங்கிலிருந்து பிரதியை மீட்டார். ஊர் ஊராக ஓடியிருந்தால் தேய்ந்து எடைக்குப் போயிருக்கக்கூடிய சுருள், வழக்கில் சிக்கிய ஒரே காரணத்தால் பிழைத்தது. தென்னிந்திய ஊமைப்படங்களில் முழு அளவில் பார்க்கக் கிடைப்பது ஏறக்குறைய இது ஒன்றே.

தமிழின் முதல் பேசும்படம் 'காளிதாஸ்' (1931) பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, ஏனென்றால் பார்க்க எதுவும் இல்லை. அதன் நாயகி டி.பி. ராஜலக்ஷ்மி தம் நாவலைத் தாமே 'மிஸ் கமலா' (1936) என்று படமாக்கித் தமிழின் முதல் பெண் இயக்குநரானார். அதன் பிரதியும் கிடைக்கவில்லை. முன்னோடிப் பெண்ணொருவர் எப்படிக் கேமரா வைத்தார், எங்கே வெட்டினார் என்று ஆராய வழியே இல்லாமல் போனது பெரிய இழப்பு.

கே. சுப்ரமணியத்தின் 'தியாகபூமி' (1939) வெற்றியால் தொல்லைக்குள்ளான படம். கல்கியின் கதை ஆனந்த விகடனில் தொடராக வந்தபோது, கூடவே படத்தின் புகைப்படங்களும் அச்சாயின. பாபநாசம் சிவன் சம்பு சாஸ்திரியாகவும் எஸ்.டி. சுப்புலக்ஷ்மி அவர் மகள் சாவித்திரியாகவும் நடித்தார்கள். புயலில் வீடிழந்த தாழ்த்தப்பட்டோருக்கு இடம் கொடுத்ததற்காகச் சாதிவிலக்குக்கு ஆளாகும் அர்ச்சகர், கொடுமைக்காரக் கணவன் சேர்ந்து வாழக் கேட்டு வழக்குப் போடும்போது வேண்டுமானால் ஜீவனாம்சம் தருகிறேன் என்று நீதிமன்றத்தில் சொல்லும் மனைவி, இறுதியில் கதர்க்கொடியோடு சிறை. அந்தக் காலத்துக்கு இவற்றில் எதுவும் சாதாரணம் அல்ல.

காங்கிரஸ் அமைச்சரவை இருந்தவரை படம் தடையின்றி ஓடியது. 1939 அக்டோபரில் அமைச்சரவை விலகியது, மறு ஆண்டே ஆங்கில அரசு படத்தைத் தடை செய்தது. ஆணை வரப்போகிறது என்று தெரிந்ததும் சுப்ரமணியமும் வினியோகஸ்தர் எஸ்.எஸ். வாசனும் சென்னை கெயிட்டி தியேட்டரில் கட்டணமின்றி இடைவிடாமல் காட்டினார்கள். கூட்டம் அலைமோதியது. போலீஸ் உள்ளே புகுந்து தடியடி நடத்தியது. பிறகு சுப்ரமணியத்தின் ஸ்டூடியோ தீக்கிரையாகி ஏலத்துக்கு வந்தபோது, 86,000 ரூபாய்ச் சொச்சத்துக்கு எடுத்தவர் அதே வாசன். அந்த இடத்தில்தான் ஜெமினி எழுந்தது. தியாகபூமியின் பிரதி ஒன்று புனே காப்பகத்தில் இருக்கிறது.

ஜெமினியின் பெயரைச் சொன்னால் 30 லட்சம் ரூபாய் செலவில் 1948இல் வந்த 'சந்திரலேகா'வே நினைவுக்கு வரும். அதே ஸ்டூடியோவில் உருவாகி அதே ஆண்டில் வெளியான இன்னொரு படத்தைப் பலர் அறியார். நடனக் கலைஞர் உதய் சங்கர் அல்மோராவில் நடத்திய கலை மையம் பணமின்றி மூடப்பட்ட பிறகு, மாணவர்களோடு சென்னைக்கு வந்து எடுத்த 'கல்பனா' அது. கே. ராம்நாத் ஒளிப்பதிவு செய்தார். பத்மினி முதலில் திரையில் தோன்றியது இதில்தான். கதைப்போக்கை நடனமே தாங்கிச் செல்லும் இந்தப் படத்தின் துணிச்சலுக்கு இணையாக அன்றைய இந்தியத் திரையில் ஒன்றைக் காட்டுவது அரிது. வசூலையே பெரிதாக எண்ணும் தயாரிப்பாளர் ஒருவரிடம் கலைஞன் தன் கதையைச் சொல்வதாகப் படம் தொடங்குகிறது. அந்தத் தயாரிப்பாளர் அதை ஏற்பதில்லை. வெளியே, திரையரங்குகளிலும் படம் தோற்றது. உதய் சங்கர் மறுபடி படம் இயக்கவில்லை.

பல பத்தாண்டுகள் கல்பனாவைப் பார்க்க வழியில்லாமல் இருந்தது. புனே காப்பகம் பாதுகாத்த படிகளைக் கொண்டு, மார்ட்டின் ஸ்கார்செஸியின் உலக சினிமா அறக்கட்டளை இத்தாலியின் போலோன்யா நகர ஆய்வகத்தில் அதைச் செப்பனிட்டது. புதுப்பித்த படம் 2012இல் கான் விழாவில் காட்டப்பட்டபோது, நாயகியாக நடித்த அமலா சங்கர் தொண்ணூறைத் தாண்டிய வயதில் அரங்கில் அமர்ந்து பார்த்தார்.