ஐந்நூற்றேழு இயக்கங்கள்

பழவேற்காட்டு டச்சுக் கல்லறைத் தோட்டத்தின் வாயிலில் எலும்புக்கூடுகளைக் கல்லில் செதுக்கி நிறுத்தியிருப்பதை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். அவற்றோடு ஒரு மணற்கடிகாரமும் செதுக்கப்பட்டிருக்கிறது. அதே ஊர்ப் பள்ளிவாசல் ஒன்றில் சூரியக் கடிகாரம் உண்டு. இரண்டிலும் ஒரு பற்சக்கரம்கூட இல்லை. ஆனால் டச்சுக்காரர் இங்கே கோட்டை கட்டி வாணிகம் செய்த நாளில்தான், 1656-ல், அவர்கள் நாட்டு அறிஞர் ஹைகன்ஸ் ஊசல் கடிகாரத்தை உருவாக்கினார். ஊசல் ஆட ஆட, சக்கரம் ஒவ்வொரு பல்லாக விடுபட்டு நகரும்.

இத்தகைய பொறியமைப்புகளை ஒருசேரக் காண விரும்புவோருக்கு ஒரு பழைய ஆங்கில நூல் இருக்கிறது. ஹென்றி டி. பிரௌன் என்பவர் 1868-ல் நியூயார்க்கில் வெளியிட்ட ‘ஐந்நூற்றேழு எந்திர இயக்கங்கள்’ என்பதே அது. இடப்பக்கத்தில் படங்கள், வலப்பக்கத்தில் எண்ணிட்ட சிறு விளக்கங்கள். ஆங்கிலம் அதிகம் தெரியாதவரும் படங்களை வைத்தே பாதி நூலைப் படித்துவிடலாம். புரட்டத் தொடங்கினால் கீழே வைக்க மனம் வராது. அந்தக் கவர்ச்சியில்தான் ஓர் ஆபத்தும் இருக்கிறது.

நீள்வட்டப் பற்சக்கரங்களை எடுத்துக்கொள்ளுங்கள். வேகம் மாறிக்கொண்டே இருக்க வேண்டிய இடத்தில் இவை பயன்படும் என்றும், அம்மாற்றம் நெட்டச்சு, குற்றச்சுகளின் விகிதத்தைப் பொறுத்தது என்றும் நூல் கூறுகிறது. அதற்குமேல் கணக்கு இல்லை. நாமே போட்டுப் பார்ப்போம். நெட்டச்சு 10 செ.மீ., குவியங்களுக்கிடையே 6 செ.மீ. என இரண்டு ஒத்த நீள்வட்டங்களை அட்டையில் வெட்டுங்கள். ஒவ்வொன்றையும் ஒரு குவியத்தில் ஆணியடித்து, ஆணிகளுக்கிடையே சரியாக 10 செ.மீ. விடுங்கள். ஒன்றின் ஆரம் 8 செ.மீ. ஆகும்போது எதிர்ச்சக்கரத்தின் ஆரம் 2 செ.மீ.; எனவே அது நான்கு மடங்கு வேகத்தில் ஓடும். அரைச்சுற்று கழிந்ததும் கால் மடங்காகக் குறையும். சீராகச் சுழலும் கை ஒன்று, சீரற்ற ஓட்டம் ஒன்று! இந்த எண்களையும் சேர்த்திருந்தால் நூல் இன்னும் பயன்பட்டிருக்கும்.

ஜெனீவாச் சக்கரத்தின் கதை வேறு. கடிகாரத்துக்கு அளவுக்கு மீறிச் சாவி கொடுத்துவிடாமல் தடுப்பதற்காக வந்தது அது. பிரௌனின் காலத்தில் சினிமா இல்லை. பின்னர் அதே அமைப்பைச் சிலுவை வடிவாக்கித் திரைப்படக் கருவியில் பொருத்தினார்கள். ஊசியுள்ள சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் சிலுவை கால் சுற்று நகர்ந்து நிற்கும். நொடிக்கு 24 படங்கள் ஓடும்போது, நகர்வது 1/96 நொடி; நிற்பது அதைப் போல மூன்று மடங்கு. பொன்னேரிப் பக்கத்துக் கொட்டகையில் படம் பார்த்தவர்கள் பெரும்பாலும் நின்ற படங்களையே பார்த்தார்கள்! பழவேற்காட்டு மீனவரின் ‘பாடு’ முறையில் வலையிடும் உரிமை குழுவுக்குக் குழு முறைவைத்து மாறுவதை அறிந்தவர்களுக்கு, நகர்ந்து நின்று நகரும் இச்சக்கரம் அந்நியமாகத் தோன்றாது.

நூலில் எனக்கு மிகவும் பிடித்த குறிப்பு ஜேம்ஸ் வாட்டின் ‘சூரியன்-கோள்’ சக்கரங்களைப் பற்றியது. வணரி அச்சுக்கு வேறொருவர் காப்புரிமை பெற்றுவிட்டதால் வாட் இந்தச் சுற்றுவழியைக் கையாண்டார் என்பதைப் பிரௌன் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுகிறார். ஒரு பொறி ஏன் அப்படி இருக்கிறது என்பது அங்கே விளங்குகிறது. மற்றப் பலவற்றுக்கு இந்தக் காரணம் கிடைப்பதில்லை. எவ்வளவு பளு, என்ன உலோகம், எந்த நீர் என்பவை படத்தில் இல்லை.

பழவேற்காட்டு ஏரியில் பல இடங்களில் ஒரு மீட்டர் ஆழம்கூட இல்லை. நீரோ உப்பு நீர். செங்குத்தாக இறங்கும் தண்டின் சுழற்சியைக் கிடையாகத் திருப்ப, கூம்பு வடிவப் பற்சக்கரங்கள் வேண்டும். படகின் புறத்தே தொங்கும் சாதாரண எஞ்சினில் அவை எண்ணெய் நிரம்பிய கூட்டுக்குள் நீருக்கடியில் இருக்கின்றன. கூட்டின் அடைப்பு தேய்ந்தால் உப்பு நீர் உள்ளே புகும். நம் கரையோர ஃபைபர் படகுகளில் காணும் நீண்ட தண்டு டீசல் எஞ்சினில் இந்தத் திருப்பமே தேவையில்லை. தண்டு சாய்வாக நேரே நீரில் இறங்குகிறது. மணல்திட்டு வந்தால் தூக்கிவிடலாம். பற்சக்கரத்தை விலக்கியதே அங்கே பொறியியல். படத்தை மட்டும் பார்த்து மயங்கும் மாணவர் இதைப் பிற்போக்கான பொறி என்று நினைத்துவிடக்கூடும்.

நூலை ஒதுக்குங்கள் என்று நான் சொல்லவில்லை. பதிப்புரிமைக் காலம் கடந்ததாகையால் பெறுவதும் எளிது. கூம்புச் சக்கரப் படத்தை எடுத்துக்கொண்டு படகுத்துறைக்குப் போங்கள். எஞ்சின் பழுது பார்ப்பவரிடம் எந்த உறுப்பை அடிக்கடி மாற்றுகிறார் என்று கேட்டு, அதை அந்தப் படத்தின் ஓரத்தில் எழுதி வையுங்கள்.