நாட்டாரும் சனங்களும்

மேடைத் தமிழுக்குச் சமீபகாலமாகப் புதிய பெருமிதம் ஒன்று கிடைத்திருக்கிறது. ஆங்கிலத்தின் 'வில்லன்' ஆதியில் பண்ணையில் உழைத்த கிராமத்தான். 'பேகன்' லத்தீனில் நாட்டுப்புறத்தான். 'பூர்' என்ற வசைச்சொல் டச்சுக் குடியானவன். 'க்ளவுன்'கூட முதலில் பட்டிக்காட்டானைக் குறித்ததுதான். ஐரோப்பியர் உழவனைக் கயவனாகவும் கோமாளியாகவும் ஆக்கினார்கள், நாமோ உழவனைத் தொழுதோம். ஆகவே கிராமத்தானை இழிக்க ஒரு சொல்கூட இல்லாத மொழி தமிழ் என்று பேச்சாளர் முடிப்பார். கைதட்டல் விழும். தட்டியவர்களில் பாதிப் பேர் அன்று காலையில்தான் பேருந்தில் யாரையாவது 'பட்டிக்காட்டான்' என்று ஏசியிருப்பார்கள்.

சொற்பிறப்பில் பிழையில்லை. அதிலிருந்து எடுக்கும் முடிவுதான் அசட்டுத்தனம். காட்டான், பட்டிக்காட்டான், பாமரன், நாட்டுப்புறம் என்று நம்மிடமும் சரக்கு நிறையவே இருக்கிறது. 'சரியான நாட்டுப்புறமா இருக்கானே' என்பது போன தலைமுறைவரை நகரத்தார் வாயில் புழங்கிய வசை. 'நாகரிகம்' என்ற சொல்லே நகரத்தை வயிற்றில் சுமந்து வந்தது. வடமொழிக் காவியவியல் 'கிராமியம்' என்பதைக் கவிதைக் குற்றங்களில் ஒன்றாக எண்ணியது. இந்தியில் 'கன்வார்' என்றால் கிராமத்தான், முட்டாள் இரண்டும்தான். புறநானூற்றிலேயே 'இழிசினன்' உண்டு. 1972இல் 'பட்டிக்காடா பட்டணமா' படம் வெள்ளிவிழா கண்டபோது அதன் நாயகன் மூக்கையன் பட்டணத்து மனைவியை வென்றதைப் பார்த்துப் பட்டணமே விசிலடித்தது. வென்றபிறகும் வசை வசையாகவே இருந்தது.

இவற்றோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய இன்னொரு சொற்குடும்பம் இருக்கிறது, அதை மேடைகள் தொடுவதில்லை. சொந்த ஊரை விட்டுப் போனவர்கள் ஒருவரையொருவர் அழைத்துக்கொள்ளும் சொற்கள் அவை. நியூயார்க்கில் இறங்கிய யூதர்களுக்குத் தம் ஊரான் 'லான்ட்ஸ்மன்'. ஊர்ப்பெயரில் சங்கம் வைத்து இடுகாட்டுக்கு நிலமும் வாங்கினார்கள். சீனருக்கு 'லாவ்ஷியாங்', துருக்கியருக்கு 'ஹெம்ஷெரி', ரஷ்யருக்கு 'ஸெம்லியாக்'. இத்தாலியரின் 'பயேசானோ' இவற்றில் மிகச் சுவாரசியமானது: அதற்குக் கிராமத்தான் என்றும் பொருள், நம்மூர்க்காரன் என்றும் பொருள். கிராமத்தான் என்பது வெளியிலிருந்து பார்க்கிறவன் வைத்த பேர். நம்மூர்க்காரன் என்பது கூட வந்தவன் கூப்பிடும் பேர். எந்தச் சொல்லையும் யார், யாரைப் பார்த்து, எங்கே நின்றுகொண்டு சொன்னார்கள் என்று கேட்காமல் அதன் மானத்தையோ அவமானத்தையோ எடைபோட முடியாது. தமிழில் இந்தக் கேள்வியைக் கேட்கக் கடலூர், சிதம்பரம் பக்கத்தைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரிந்து இல்லை.

முதலில் 'நாடு'. இன்று ஒரே மாவட்டமாக இருக்கும் இப்பகுதி தேவாரத் தலக்கணக்கில் இரண்டாகப் பிரிகிறது. திருப்பாதிரிப்புலியூரும் திருவதிகையும் விருத்தாசலமும் நடுநாடு. தில்லையோ சோழநாட்டுக் காவிரி வடகரைத் தலங்களில் முதலாவது. கல்வெட்டுகளில் 'நாடு' இன்னும் சின்னது, சில ஊர்களின் தொகுதி. ஊரார், சபையார், நகரத்தார், நாட்டார் என்று சோழர் காலச் சாசனங்கள் பிரித்துச் சொல்லும்போது, நாட்டார் என்போர் அந்தத் தொகுதியின் நிலமுடையோர். வரிப்பொறுப்பு ஏற்றவர்கள், வழக்குத் தீர்த்தவர்கள். பிற்காலத்தில் சித்திரமேழிப் பெரியநாட்டார் என்று மண்டலம் கடந்த அமைப்பாகவே அவர்கள் எழுந்தார்கள். ஏர் பிடித்த கூலியாள் இந்த நாட்டாரில் சேர்த்தி இல்லை. கடலூரிலிருந்து தெற்கே நாகை வரையுள்ள கரையோர மீனவக் கிராமங்களில் இன்றும் 'நாட்டார்' என்றால் ஊர்ப் பஞ்சாயத்தின் தலைவர். தண்டம் விதிக்கும் அதிகாரம் உள்ளவர்.

'ஊர்' மட்டும் என்ன வாழ்ந்தது? பெரியபுராணத்தில் சேக்கிழார் கொள்ளிடக்கரை ஆதனூரை வளமெல்லாம் சொல்லி வருணித்துவிட்டு, அதற்குப் புறத்தே இருந்த புலைப்பாடியைத் தனியாகக் காட்டுகிறார். அந்தப் பாடியில் பிறந்த சிவனடியார் நந்தன் ஆதனூர்க்காரனா, ஆதனூர்ப் புலைப்பாடிக்காரனா? புராணம் முழுக்க அந்த இடைவெளியில்தான் நடக்கிறது. 1861இல் வெளிவந்த நந்தனார் சரித்திரக் கீர்த்தனையில் கோபாலகிருஷ்ண பாரதி, பெரியபுராணத்தில் இல்லாத வேதியர் ஆண்டையைக் கொண்டுவந்து அந்த இடைவெளிக்கு ஒரு முகம் கொடுத்தார். அந்த நூலுக்குச் சிறப்புப்பாயிரம் தர மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை முதலில் மனமின்றி இருந்ததை உ.வே.சா. எழுதியிருக்கிறார். காரணம் இலக்கணப் பிழைகள். பண்ணையாளின் கதையைப் புலமை ஏற்றுக்கொண்டது, அந்தக் கதை பேசிய தமிழைத்தான் வாசலில் நிறுத்தி வைத்தது.

பிறகு வந்தது சேகரிப்பாளர்களின் காலம். சார்லஸ் கோவர் 1871இல் தென்னிந்திய நாட்டுப் பாடல்களை ஆங்கிலத்தில் அச்சிட்டார். மு. அருணாசலத்தின் 'காற்றிலே மிதந்த கவிதை' 1943. பெர்சி மாக்வீன் என்ற வெள்ளை அதிகாரி திரட்டியவற்றைக் கி.வா. ஜகந்நாதன் 'மலையருவி'யாகப் பதிப்பித்தார். நா. வானமாமலையின் 'தமிழர் நாட்டுப்பாடல்கள்' 1964. பெரிய உழைப்பு, மறுக்க முடியாது. ஆனால் பாடியவர்களை என்ன பேர் சொல்லி அழைப்பது என்பதில் இவர்கள் பட்ட திண்டாட்டம் தனிக்கதை. கி.வா.ஜ.வுக்கு அவை 'நாடோடி'ப் பாடல்கள். பிறந்த ஊரின் எல்லையைத் தாண்டாமலே செத்துப்போன கிழவியின் ஒப்பாரி நாடோடிப் பாட்டானது! அடுத்து 'கிராமிய' வந்தது. பல்கலைக்கழகங்கள் 'நாட்டுப்புற'த்தைத் தேர்ந்தன. தெருவில் வசையாக இருந்த சொல் ஒரு துறையின் பெயர்ப்பலகையில் ஏறியது, வசையைத் துடைத்தார்களா என்று யாரும் பார்க்கவில்லை. அதற்கு மாற்றாகப் பாளையங்கோட்டைப் பக்கமிருந்து 'நாட்டார் வழக்காற்றியல்' எழுந்தது. மரியாதை கொடுக்கும் நல்லெண்ணம்தான். ஆனால் கல்வெட்டில் நிலவுடைமையாளரையும், தஞ்சையில் ஒரு சாதிப் பட்டத்தையும், கடற்கரையில் பஞ்சாயத்து அதிகாரத்தையும் குறிக்கும் சொல்லை எடுத்து, நடவு நட்ட பெண்ணின் பாட்டுக்கு மேல் சூட்டியது வரலாற்றின் கேலிக்கூத்து. அந்தப் பாட்டு பெரும்பாலும் நாட்டாரைத் திட்டித்தான் இருந்தது.

ஈழத்தில் சண்டை ஒளிவுமறைவில்லாமல் நடந்தது. 1960களின் தொடக்கத்தில் டொமினிக் ஜீவா, கே. டானியல் தலைமுறை பேச்சுத்தமிழில் கதை எழுதியபோது மரபுவாதிகள் அதை 'இழிசனர் வழக்கு' என்று சொல்லியே ஒதுக்கப் பார்த்தார்கள். புறநானூற்றுச் சொல் இரண்டாயிரம் ஆண்டு தாண்டி வந்து வேலை செய்தது. அதே தீவில் மலையகத் தமிழர் யாழ்ப்பாணத்தார் வாயில் 'வடக்கத்தியான்', 'தோட்டக்காட்டான்'. 1948 குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாகி, 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி கப்பலேறித் தமிழ்நாட்டில் இறங்கினால் அவர்களுக்கு இங்கே கிடைத்த பேர் 'சிலோன்காரங்க'. தலைமுறைகளாக அவர்கள் 'ஊரு' என்று சொல்லிவந்தது இந்த மண்ணைத்தான். ஊர் அவர்களைத் திருப்பி ஊர்க்காரர் என்று அழைக்கவில்லை. மேடைப் பெருமிதக்காரர்கள் இந்த ஒரு பத்தியை விளக்கட்டும், பிறகு வில்லனுக்கு வருவோம்.

இனி எனக்குப் பிடித்த பகுதி. இருபதாம் நூற்றாண்டு உரைநடையின் இரண்டு பெரிய ஆட்கள் கடலூரில் பிறந்தவர்கள். புதுமைப்பித்தன் 1906இல் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தார், எழுதியது நெல்லைத் தமிழ். ஜெயகாந்தன் 1934, மஞ்சக்குப்பம். அவர் காதில் விழுந்து எழுத்தில் நின்றது சென்னைச் சேரித்தமிழ். 'ஒரு மனிதன் ஒரு வீடு ஒரு உலகம்' கிராமத்துக்குப் போகிறதே என்றால், அந்தக் கிராமமும் வெளியிலிருந்து வந்த ஹென்றியின் கண்ணுக்கு அழகாகத் தெரியும் ஒரு கனவுக் கிராமம்தான். மௌனி வெகுகாலம் சிதம்பரத்தில் வாழ்ந்தார். அவர் கதைகளில் கோயில் உண்டு, இருள் உண்டு. புறவாசல் வழியாக உள்ளே வரும் பண்ணையாள் ஒருவர்கூடப் பேசுவதில்லை. ஆக இந்த வட்டாரத்துப் பேச்சு, இலக்கியத்தில் தன் பெயரோடு உட்கார 1980கள் வரை காத்திருந்தது.

த. பழமலய் 1988இல் 'சனங்களின் கதை'யைக் கொண்டுவந்தார். மக்கள் என்றிருக்கலாம், மாந்தர் என்றிருக்கலாம். தனித்தமிழ் அன்பர்கள் அதைத்தான் விரும்பியிருப்பார்கள். வடமொழி வேரிலிருந்து வந்து, விருத்தாசலம் சந்தையில் தேய்ந்து, 'சனம்' என்று நின்ற சொல்லை அவர் எடுத்தார். 'நாட்டார்' போல மேலிருந்து சூட்டிய மகுடமில்லை இது. 'எங்க சனம்' என்று அவர்களே சொல்லிக்கொள்வது. உறவையும் குறிக்கும், சாதியையும் குறிக்கும், ஒரு வண்டி நிறைய ஏறிப்போகும் கூட்டத்தையும் குறிக்கும். இந்த மூன்றையும் பிரிக்காமல் வைத்திருப்பதே அந்தச் சொல்லின் நேர்மை என்பேன். பிரித்துத் தூய்மைப்படுத்தினால் பொய்யாகிவிடும்.

இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' (1994) இன்னும் ஓர் அடி உள்ளே போனது. இந்தப் பக்கத்துக் கிராமங்களில் 'ஊர்' என்றால் குடியானத் தெரு, மற்றது காலனி. பேருந்தில் பக்கத்தில் இருப்பவர் 'ஊரா, காலனியா?' என்று கேட்டால் நிலவியல் ஆர்வத்தில் கேட்கவில்லை என்று எல்லோருக்கும் தெரியும். இமையம் காலனிக்குள்ளே போய், காலனிக்கே துணி வெளுக்கும் புதிரை வண்ணாத்தி ஆரோக்கியத்தை நடுவில் நிறுத்தினார். அவள் கும்பிட்டு 'சாமி' என்று விளிப்பது, ஊர் தன்னைச் சேர்த்துக்கொள்ளாது என்று அறிந்த சனத்தை. அடுக்குக்குள் அடுக்கு. சில தலித் விமர்சகர்கள் அன்று கடுமையாக எதிர்த்தார்கள். ஒடுக்கப்பட்டவரை ஒடுக்குபவராகக் காட்டிவிட்டார் என்றார்கள். எதிர்ப்பின் நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனால் 'ஊர்க்காரர்' என்ற இனிப்பான சொல்லுக்குள் எத்தனை வாசல்கள் அடைத்திருக்கின்றன என்பதைத் தமிழில் வேறெந்த ஆய்வும் இவ்வளவு துல்லியமாகக் காட்டவில்லை. சமூகவியல் நூல்கள் சாதிப் பட்டியல் தரும். நாவல்தான் யார் யாரை 'வாடா' என்றார், யார் யாரைச் 'சாமி' என்றார் என்பதைத் தரும்.

கண்மணி குணசேகரனைப் பற்றிச் சொல்லும்போது நம் விமர்சகர்களின் குரலில் ஒரு செல்லம் வந்துவிடுகிறது. மணக்கொல்லைக்காரர், அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனைத் தொழிலாளி, மண்ணின் மைந்தர்... முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அவருடைய 'அஞ்சலை' நாவலைப் பாராட்டியவர்கள்கூட அவருடைய 'நடுநாட்டுச் சொல்லகராதி'யை (2007) ஒரு விநோதமாகவே பார்த்தார்கள். கி. ராஜநாராயணன் 1982இல் 'கரிசல் வட்டார வழக்கு அகராதி' கொண்டுவந்தபோது தமிழ்நாடே பேசியது. இதற்கு அந்த வரவேற்பில் கால்வாசியும் இல்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் கற்றோர் குழுவாலும் அரசுப் பணத்தாலும் ஆனது. இதையோ பேருந்துக்கு அடியில் படுத்து வேலை பார்த்த ஒருவர் காதால் கேட்டுக் கையால் எழுதிச் சேர்த்தார். நான் இதைச் சொல்வது உழைப்புக்கு அனுதாபம் தேடி இல்லை. அவர் நாவல்களோடு வைத்துப் படித்தால்தான் அந்த அகராதியின் அருமை விளங்கும். 'வந்தாரங்குடி'யை எடுத்துக்கொள்ளுங்கள். 1956இல் நெய்வேலி நிறுவனம் அமைந்தது. நிலக்கரிக்காக ஊர்கள் காலிசெய்யப்பட்டன. முந்திரிக்காட்டையும் குலதெய்வத்தையும் விட்டுப்போட்டு வேறிடத்தில் குடியேறியவர்கள், தாங்கள் பிறந்த வட்டாரத்திலேயே வந்தேறிகள் ஆனார்கள். கடல் கடக்காமல், மாவட்ட எல்லைகூடத் தாண்டாமல் ஊரானை வந்தவனாக்கியது சுரங்கம். லான்ட்ஸ்மனுக்குக் கப்பல் தேவைப்பட்டது, இவர்களுக்குச் சில மைல்களே போதுமாக இருந்தன.

என் கட்சி இதுதான். 'நாட்டார்' என்று மரியாதை செய்யும் கல்வித்துறை ஒரு பக்கம், 'மண்ணின் மைந்தர்' என்று புல்லரிக்கும் மேடை ஒரு பக்கம். இரண்டும் சொல்லை அது பேசப்பட்ட தெருவிலிருந்து பிய்த்து எடுக்கின்றன. வட்டார அகராதி எழுதுகிறவர்கள் இனி பொருளோடு நிறுத்தாமல், சொன்னவர் யார், சொல்லப்பட்டவர் யார், எந்தத் தெருவில் நின்று என்றும் பதிய வேண்டும். ஏர் உறுப்புக்கும் மாட்டு நோய்க்கும் பெயர் சேகரித்தது போதும், அவை பத்திரமாக இருக்கின்றன. விளிச்சொற்கள்தான் வேகமாக மாறுகின்றன. பழைய 'சாமி' பல இடங்களில் 'அண்ணே' ஆகிவிட்டது. அது நடந்த ஆண்டுகளை யாரும் குறித்து வைக்கவில்லை. அந்த மாற்றத்துக்குப் பின்னால் சண்டைகளும் கொலைகளும்கூட உண்டு.

இதற்கிடையே புதுச்சொல் ஒன்று புழக்கத்துக்கு வந்துவிட்டது: 'வடக்கன்'. கடலூர் சிப்காட்டிலும், சிதம்பரம் உணவு விடுதிகளிலும், கட்டடம் எழும் இடமெல்லாமும் கேட்கிறது. யாழ்ப்பாணத்தார் 'வடக்கத்தியான்' என்றபோது நமக்கு வலித்தது. அதே சொல்லைச் சுருக்கி நாம் சொல்லும்போது வலி எங்கே போனதென்று தெரியவில்லை. அந்த வேலையாட்களில் போஜ்புரி பேசுகிறவர்கள் தங்களுக்குள் 'தேஸ்' என்றால் இந்தியா என்று பொருளில்லை, விட்டுவந்த கிராமமும் அதன் சுற்றுவட்டாரமும்தான். நம் கல்வெட்டு 'நாடு' இருந்த அளவே இருக்கிறது. ஊரைப் பிரிந்து போனவனைப் பற்றி 'பிதேசியா' என்று பிகாரி டாக்கூர் நாடகமே போட்ட மொழி அது. அவர்களுடைய மொழியில் நமக்கு என்ன பேர், கடலூர்த் தெருவில் நம்மை அவர்கள் எப்படிக் கூப்பிட்டுச் சிரித்துக்கொள்கிறார்கள் என்பதை அறிய நமக்கு ஓர் அகராதிக்காரர் வேண்டும். நடுநாட்டு நாவல் இதுவரை அந்தப் பக்கம் போகவில்லை. வேலை முடிந்து அவர்கள் விருத்தாசலம் சந்திப்பில் ரயிலுக்குக் காத்திருக்கும் நேரம் போதும், யாராவது ஒருவர் நோட்டும் பேனாவுமாகப் போய்ப் பக்கத்தில் உட்காரலாம்.