மூன்று நகரம், மூன்று நாள்

தெற்கு ஸ்பெயினுக்குப் போகிறவர்களில் பலர் ஒரே தடத்தில்தான் போகிறார்கள்: செவில்யா, கோர்டோபா, கிரனாடா, ஊருக்கு ஒரு நாள். 1992இல் மத்ரித்துக்கும் செவில்யாவுக்கும் இடையே அதிவேக ரயில் ஓடத் தொடங்கியது. வழியில் இருக்கும் கோர்டோபா, செவில்யாவிலிருந்து முக்கால் மணி நேரம்தான். இந்த ஓட்டத்தை மேலோட்டமான சுற்றுலா என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. என்னால் அப்படி முழுதாக ஒதுக்க முடியவில்லை.

காரணம் கட்டடங்கள். கோர்டோபாவின் பெரிய மசூதியை 785 வாக்கில் கட்டத் தொடங்கினார்கள். 1236இல் ஊர் கிறித்தவ அரசரிடம் போனதும் அது தேவாலயம் ஆனது. 1523இல் அந்தத் தூண்களின் நடுவிலேயே உயரமான தேவாலயக் கூடம் ஒன்றை எழுப்பத் தொடங்கினார்கள். எண்ணூறுக்கும் மேற்பட்ட தூண்கள், சிவப்பும் வெள்ளையுமான இரட்டை வளைவுகள், நடுவே அவற்றை அறுத்துக்கொண்டு மேலே போகும் கூரை. அதைப் பார்த்த கண்ணோடு செவில்யாவின் அல்காசருக்குள் போனால் நேர்மாறான காட்சி. 1364 வாக்கில் அங்கே அரண்மனை கட்டத் தொடங்கிய முதலாம் பேத்ரோ கிறித்தவ மன்னர். ஆனால், இறைவனைத் தவிர வெற்றியாளர் இல்லை என்ற கிரனாடா சுல்தான்களின் வாசகம் அதன் முகப்பில் அரபியில் திரும்பத் திரும்ப வருகிறது. அவருடைய நண்பரான கிரனாடா சுல்தான் ஐந்தாம் முகம்மதுதான் அவ்வூரின் அல்ஹம்ப்ரா அரண்மனையில் சிங்க முற்றத்தைக் கட்டியவர். ஒரு மதம் இன்னொன்றைத் துடைத்தெறிந்தது என்ற கதையும், எல்லாரும் இணக்கமாக வாழ்ந்தார்கள் என்ற கதையும் போதாதவை என்பது, மூன்றையும் அடுத்தடுத்துப் பார்க்கும்போது சுவர்களிலேயே தெரிகிறது. ஆண்டுக்கு ஒன்றாகப் பார்த்தால் இந்தத் தொடர்பு மனதில் நிற்காது.

சாப்பாட்டில்தான் இந்த முறை தோற்கிறது. அங்கே மதிய உணவு இரண்டு மணிக்கு மேல், இரவு உணவு ஒன்பதுக்கு மேல். நடுவில் பல சமையலறைகள் மூடிவிடும். பத்து மணிக்கு வந்து ஆறு மணிக்கு ரயில் ஏறுகிறவருக்குக் கிடைப்பது, நாள் முழுக்கத் திறந்திருக்கும், படம் போட்ட பட்டியல் வைத்த கடை. அதில் முதலில் இருப்பது பயேயா. அது வலென்சியாவின் சோறு. அங்கேயும் பகலில்தான் உண்பார்கள். செவில்யாவுக்கே உரியது கீரையும் கொண்டைக்கடலையும் சீரகத்தோடு வெந்த எளிய குழம்பு. 1670 முதல் நடப்பதாகச் சொல்லப்படும் எல் ரின்கொன்சில்யோவில் அது பேர்பெற்ற பண்டம். கணக்கை மர மேடைமேல் சாக்கட்டியால் எழுதுவார்கள். கிரனாடாவிலோ ஒரு பானம் வாங்கினால் சிறு தட்டு உணவு விலையில்லாமல் கூடவே வரும். கடைக்குக் கடை நின்று சாப்பிட்டுப் போகும் அந்த வழக்கத்துக்கு மாலை முழுதும் வேண்டும். கோர்டோபாவின் சால்மொரேஹோ, தக்காளியும் ரொட்டியும் ஆலிவ் எண்ணெயும் அரைத்த குளிர்ந்த கூழ். மேலே தூவும் பன்றி இறைச்சி வேண்டாம் என்று சைவ உணவுக்காரர்கள் முன்பே சொல்லிவிட வேண்டும்.

இதைவிடக் கடுமையான குறை, ஊர்க்காரர்கள்மேல் விழும் சுமை. 2024இல் ஸ்பெயினுக்கு வந்த வெளிநாட்டவர் ஏறத்தாழ 9.4 கோடி. அல்ஹம்ப்ராவின் நஸ்ரித் அரண்மனைகளுக்குள் டிக்கெட்டில் குறித்த நேரத்தில்தான் நுழைய முடியும். அந்தக் கட்டுப்பாடு அரண்மனையைக் காக்கிறது. எதிர்க் குன்றில் இருக்கும் அல்பைசின் பகுதியின் சந்துகளுக்கோ செவில்யாவின் சாந்தா குரூஸ் பகுதிக்கோ அப்படி எதுவும் இல்லை. குடியிருப்புகள் சுற்றுலா வாடகை வீடுகளாக மாறுகின்றன, வாடகை ஏறுகிறது, பழைய குடும்பங்கள் புறநகருக்குப் போகின்றன. சுமார் பத்தாயிரம் சுற்றுலா வீடுகளின் உரிமங்களை 2028க்குள் முடிவுக்குக் கொண்டுவரப்போவதாக பார்சலோனா அறிவித்திருக்கிறது. அது சரியான திசை என்பதே என் கருத்து.

ஆகவே மூன்று நகரங்களும் இருக்கட்டும். மூன்று நாள்தான் கூடாது. ஊருக்கு இரண்டு இரவாவது தங்க வேண்டும், அதுவும் குடியிருப்பு வீட்டில் அல்லாமல் விடுதியில். அல்ஹம்ப்ரா டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதால் அதை முதலில் வாங்கி, அந்தத் தேதியைச் சுற்றி மற்ற இரண்டு ஊர்களின் இரவுகளை அமைத்துக்கொள்ளலாம்.