உருப்படியான என்ஜின்கள்

அக்கா மகனுக்கு ஆறு வயது. டிவியில் தாமஸ் என்ஜினைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போய் ஒருநாள் "புக்ல இருந்து படி மாமா" என்றான். ரெவரெண்ட் ஆட்ரியின் மூலக் கதைகள் அடங்கிய தடித்த தொகுப்பு ஒன்றைப் பழைய புத்தகக் கடையில் வாங்கி, வருஷக் கணக்கில் திறக்காமல் வைத்திருந்தேன். அப்போது எனக்கு நேரம் நிறைய இருந்தது. வேலை போய் மூன்று வாரம். பத்து நிமிஷ வீடியோ கால். "உங்க வேலைல எந்தக் குறையும் இல்ல" என்று எதிரில் இருந்த பெண் மூன்று முறை சொன்னார். குறை இல்லையென்றால் அப்புறம் ஏன் என்று நான் கேட்கவில்லை.

தினமும் மதியம் ஒரு கதை. ஆங்கிலத்தில் ஒரு வரி, தமிழில் ஒரு வரி. அப்படியே போய் 1968இல் வந்த 23ஆவது புத்தகத்தில் நின்றோம். 'என்டர்பிரைசிங் என்ஜின்ஸ்' என்று பெயர். அதில் கார்டன் என்கிற பெரிய நீல என்ஜின், கதை முழுக்கத் திமிராகவே திரிந்த என்ஜின், சோகமாக நிற்கிறது. அதன் கூடப்பிறந்தவர்களில் இப்போது மிச்சம் ஒருவர்தான். மற்றவர்கள் எல்லாம் உடைக்கப்பட்டுவிட்டார்கள்.

"மத்தவங்க எங்க போனாங்க?"

"காயலான் கடைக்கு."

"ஏன், சேட்டை பண்ணாங்களா?"

என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. ஆனால் அவன் கேட்டது அந்தக் கதைகளின் உள்ளே இருந்தே வரும் கேள்வி. 1945இல் வந்த முதல் புத்தகத்திலேயே, மழையில் பெயின்ட் கெட்டுவிடும் என்று குகைக்குள்ளேயே நின்றுகொள்கிறது ஹென்றி என்ற என்ஜின். என்ன செய்கிறார்கள்? தண்டவாளத்தைப் பிடுங்கிவிட்டு, முன்னால் செங்கல் சுவர் எழுப்பி உள்ளே வைத்துப் பூசிவிடுகிறார்கள். குழந்தைக் கதை! ஆட்ரி ஆங்கிலிக்கப் பாதிரியார். அவருடைய சோடோர் தீவில் பாவமும் தண்டனையும் மன்னிப்பும் உண்டு. அங்கே ஒரு என்ஜினுக்குக் கிடைக்கக்கூடிய மிக உயர்ந்த பாராட்டு 'ரியலி யூஸ்ஃபுல்'. 'பயனுள்ள' என்று மொழிபெயர்த்தால் அந்த வார்த்தையின் குரல் போய்விடும். நம் வீட்டில் அதற்கு வேறு சொல் இருக்கிறது: உருப்படியான. உருப்படியா ஏதாவது பண்ணு. இவன் உருப்படுவானா. அந்தச் சொல்லின் அடியில் ஒரு மிரட்டல் இருக்கிறது இல்லையா, அது ஆட்ரியிடமும் இருக்கிறது. உருப்படியாக இருந்தால் ஷெட்டில் இடம் உண்டு. உருப்படாதவர்களுக்கு என்ன ஆகும் என்பதை ரொம்ப நாள் அவர் சொல்லவில்லை. அறுபதுகளில் சொல்ல ஆரம்பித்தார். ஏனென்றால் அவர் கண்ணெதிரே அது நடந்துகொண்டிருந்தது.

*

1948 ஜனவரி 1 அன்று பிரிட்டனின் ரயில்வே கம்பெனிகள் அரசுடைமை ஆயின. (கதையிலும் அது நடக்கிறது: அதுவரை 'ஃபேட் டைரக்டர்' ஆக இருந்த குண்டு முதலாளி அந்த வருஷத்திலிருந்து 'ஃபேட் கன்ட்ரோலர்' ஆகிவிடுகிறார். தேசியமயமாக்கலை இவ்வளவு சுருக்கமாக எந்த வரலாற்றாசிரியரும் சொன்னதில்லை.) அன்று அரசின் கைக்கு வந்த நீராவி என்ஜின்கள் 20,000க்கும் மேல். இருபதே வருஷத்தில், 1968 ஆகஸ்டில், வழக்கமான அகலப் பாதையில் ஒன்றுகூட ஓடவில்லை.

இதை "பழசு போனது, புதுசு வந்தது" என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். பெரும்பாலானவர்கள் அப்படித்தான் முடிக்கிறார்கள். ஆனால் நடந்தது அப்படி இல்லை. அரசுடைமையான பிறகும் பிரிட்டிஷ் ரயில்வே நீராவி என்ஜின்களைப் புதிதாகக் கட்டிக்கொண்டே இருந்தது. கரி உள்ளூரில் கிடைக்கும், எண்ணெய் வெளியிலிருந்து வர வேண்டும், போர் முடிந்த நாட்டில் காசில்லை, மின்மயமாக்கல் வரும்வரை நீராவியோடு ஓட்டலாம் என்பது தலைமைப் பொறியாளர் ரிடில்ஸின் கணக்கு. 1951 முதல் 1960 வரை 999 புதிய என்ஜின்கள். நடுவிலேயே, 1955இல், 1,240 மில்லியன் பவுண்டு நவீனமயத் திட்டம் வந்து நீராவிக்கு முடிவு குறித்துவிட்டது. முடிவு குறித்த பிறகும் ஐந்து வருஷம் கட்டினார்கள்.

அந்த 999இல் கடைசி என்ஜின் 'ஈவினிங் ஸ்டார்', எண் 92220. 1960 மார்ச்சில் ஸ்விண்டன் பட்டறையில் பெயர்சூட்டு விழா. அதன் வகை முழுக்கக் கறுப்பு; இதற்கு மட்டும் பச்சை வண்ணம், புகைபோக்கிக்குச் செம்பு விளிம்பு. முப்பது நாற்பது வருஷம் உழைக்கக்கூடிய இயந்திரம். 1965 மார்ச்சில் ஓட்டம் நிறுத்தப்பட்டது. ஐந்தே வருஷம். இது அருங்காட்சியகத்துக்குப் போய்த் தப்பித்தது. இதன் வகையில் கட்டிய 251இல் மிகப் பெரும்பாலானவை துண்டு போடப்பட்டன. எந்தச் சேட்டையும் பண்ணாதவை. அவற்றின் வேலையிலும் எந்தக் குறையும் இல்லை.

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். அவசர அவசரமாக வாங்கிய டீசல் என்ஜின்களில் சில, நீராவிக்கும் முன்னாலேயே காயலான் கடைக்குப் போயின. 1957-58இல் வந்த டி600 வரிசை டீசல்கள் ஐந்தும் 1967 டிசம்பரோடு முடிந்தன. அவற்றைக் கட்டிய கிளாஸ்கோ கம்பெனியோ 1962லேயே திவால். உருப்படி என்ற அளவுகோலை எங்கே வைத்து அளப்பது?

*

இந்த இருபது வருஷத்தைப் பற்றிய பிரிட்டிஷ் கலைப்படைப்புகளில் எனக்குப் பிடித்ததும் கோபம் வருவதும் ஒன்றே: 'தி டிட்ஃபீல்ட் தண்டர்போல்ட்', 1953. ஈலிங் ஸ்டூடியோ எடுத்த காமெடிப் படம், சார்லஸ் கிரிக்டன் இயக்கம். ஒரு கிராமத்துக் கிளைப்பாதையை மூடப் போகிறார்கள்; ஊர்க்காரர்களே அதை எடுத்து ஓட்டுகிறார்கள்; பஸ் முதலாளிகள் வில்லன்கள். பாதிரியாரே என்ஜின் ஓட்டுகிறார். பணம் போடும் பணக்காரர் எதற்குப் போடுகிறார் என்றால், ரயிலில் பார் வைத்தால் காலையிலேயே குடிக்கலாம் என்று. சிரித்துக்கொண்டே பார்க்கலாம். கடைசியில் அருங்காட்சியகத்திலிருந்து எடுத்து வரும் என்ஜின் நிஜமாகவே 1838இல் கட்டியது.

அந்தப் படத்துக்கு நிஜ விதை வேல்ஸில் இருந்தது. 1951இல் டாலிலின் என்ற சிறு ரயில்பாதையைத் தன்னார்வலர்கள் எடுத்து நடத்தத் தொடங்கினார்கள். உலகில் அப்படி நடந்த முதல் பாதை அது. ஆட்ரியும் அங்கே போய்த் தொண்டு செய்தவர். ஆக, படமும் கதைகளும் ஒரே கிணற்றுத் தண்ணீர். இரண்டிலும் ஒரே ஓட்டை. படத்தில் ரயிலை ஓட்டுபவர்களுக்கு அது சம்பளம் இல்லை, ஆசை. ஆட்ரியிடம் என்ஜின்களுக்கெல்லாம் பெயர், முகம், கோபம், பொறாமை உண்டு. அதை ஓட்டுகிறவர் பெரும்பாலும் வெறும் 'டிரைவர்', கரி அள்ளுகிறவர் வெறும் 'ஃபயர்மேன்'. இயந்திரத்துக்கு உயிர் கொடுக்க அந்த உயிரை எங்கிருந்தோ எடுக்க வேண்டியிருக்கிறது. எடுத்தது அந்த இரண்டு பேரிடமிருந்து.

நீராவி என்ஜின் ஓட்டுவது என்றால் என்ன என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள். வேலையில் சேரும் பையன் முதலில் கிளீனர். எண்ணெயும் சாம்பலும் அப்பிய இரும்பைத் துணியால் துடைப்பான். பிறகு ஃபயர்மேன். வருஷக் கணக்கில், பலருக்குப் பத்து இருபது வருஷம் கழித்து, டிரைவர். லண்டனிலிருந்து எடின்பரோவுக்கு நடுவில் எங்கும் நிற்காமல் 393 மைல் ஓடிய 'எலிசபெதன்' ரயிலைப் பற்றி 1954இல் அரசே ஒரு குறும்படம் எடுத்தது. வர்ணனை முழுக்க அடிக்கு அடி இயைபு வைத்த செய்யுள். இன்று கேட்டால் கூச்சமாக இருக்கும். ஆனால் அதில் வரும் ஒரு விஷயத்தை மறக்க முடியாது. பாதி வழியில், ஓடும் ரயிலிலேயே ஆள் மாறுகிறார்கள். கரித்தொட்டியின் ஓரத்தில் ஓர் ஆள் மட்டும் நுழையும் குறுகிய சந்து ஒன்று வைத்திருக்கிறார்கள். அதன் வழியாக வந்து ஒரு டிரைவரும் ஃபயர்மேனும் பொறுப்பேற்க, முந்தைய இரண்டு பேர் அதே சந்தில் பெட்டிக்குப் போய்விடுகிறார்கள். அழகெல்லாம் வெளியே உடம்பில் மின்ன, நான்கு பேர் அந்த இருட்டுச் சந்தில் உரசிக்கொண்டு போகிறார்கள்.

டீசல் வந்ததும் கரி அள்ளும் வேலையே இல்லாமல் போனது. அதைப் பற்றிப் பெரிய ஒப்பாரி ஏதும் எழவில்லை. அதற்கும் நியாயம் இருக்கிறது: அது கேவலமான, முதுகை ஒடிக்கும் வேலை. போருக்குப் பிந்தைய பிரிட்டனில் வேறு வேலைகள் கிடைத்தன. சுத்தமான பேக்டரி வேலை இருக்கும்போது விடியற்காலையில் சாம்பல் வார யார் வருவார்கள்? கிளீனர்கள் கிடைக்கவில்லை. கடைசி வருஷங்களில் என்ஜின்கள் எண்கூடத் தெரியாத அளவுக்கு அழுக்கேறி ஓடின.

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த, கொஞ்சம் கூசவும் வைக்கிற ஒரு காட்சி. அந்த அழுக்கு ரயில் ரசிகர்களுக்குப் பொறுக்கவில்லை. கேமராவோடு திரிந்த சில இளைஞர்கள் ராத்திரியில் ஷெட்டுக்குள் புகுந்து, மறுநாள் ஓடப்போகிற என்ஜினைத் தாங்களே துடைத்துப் பளபளப்பாக்கினார்கள். காலையில் மலைச்சரிவில் காத்திருந்து படம் எடுத்தார்கள். யாரும் செய்ய விரும்பாத வேலையை இவர்கள் சம்பளமில்லாமல், திருட்டுத்தனமாக, ஆசைஆசையாய்ச் செய்தார்கள். அந்தப் படங்களைப் பார்த்து "ஆஹா, அந்தக் காலம்" என்று பெருமூச்சு விடுகிறோம். நாம் பார்ப்பது அந்தக் காலம் இல்லை. படத்துக்காகக் கழுவிய முகம்.

அதனால்தான் காலின் கிஃபோர்டை நான் பெரிய ஆளாக நினைக்கிறேன். 1965இல் வந்த அவருடைய 'டிக்ளைன் ஆஃப் ஸ்டீம்' ரயில் புகைப்படப் புத்தகங்களின் வழக்கத்தையே மாற்றியது. அதுவரை வழக்கம் என்ன? வெயில் முதுகுப்பக்கம் இருக்க, என்ஜினை முன்பக்கச் சாய்வில் முழுசாகக் காட்டுவது. கல்யாண ஆல்பத்து மாப்பிள்ளை போல. கிஃபோர்டிடம் என்ஜின் பல சமயம் சட்டகத்தின் ஓரத்தில் இருக்கும், அல்லது புகைக்குள் பாதி தொலைந்திருக்கும். முன்னால் வரிசை வீடுகள், பாலம், ஈரப் பிளாட்பாரம், வேலைக்காரர்கள். அழுக்கை அவர் துடைக்கவில்லை. எனக்கு அதில் ஏக்கமே தோன்றவில்லை. ஒரு வேலை எந்த மாதிரி ஊரில் நடந்தது என்று தெரிந்துகொண்ட உணர்வுதான்.

*

1968 ஆகஸ்ட் 11. கடைசி நீராவி ரயில், லிவர்பூலிலிருந்து மான்செஸ்டர் வழியாகக் கார்லைலுக்குப் போய்த் திரும்பியது. டிக்கெட் 15 கினி. அன்றைக்கு அது பெரிய பணம். சாவு வீட்டுக்கு நுழைவுச்சீட்டு போட்டது மாதிரி. மறுநாளிலிருந்து பிரதான பாதைகளில் நீராவிக்குத் தடை. முன்பே செய்த ஒப்பந்தத்தால் தனியாரிடம் இருந்த 'ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மேன்' மட்டும் விதிவிலக்கு. கார்டனின் மிச்சமிருந்த சகோதரர் அவர்தான். அந்த வருஷத்துப் புத்தகத்தில் தம்பியைப் பார்க்க நேரில் வருகிறார்.

அதே புத்தகத்தில் 'எஸ்கேப்' என்று ஒரு கதை. ஆலிவர் என்ற சின்ன என்ஜின் உடைப்பிலிருந்து தப்பி ஓடுகிறது. ஒரு பெட்டியும் கார்டு வேனும் கூடவே. டக்ளஸ் என்கிற இன்னொரு என்ஜின் இருட்டில் ஒளித்துச் சோடோருக்குக் கூட்டி வருகிறது. இதை அகதிக் கதையாக அல்லாமல் வேறு மாதிரி என்னால் படிக்க முடியவில்லை. ஆட்ரியின் மிகச் சிறந்த கதை இதுதான் என்பேன். காரணம், இந்த ஒரு கதையில் மட்டும் 'உருப்படி' வேலை செய்வதில்லை. ஆலிவர் எதையும் நிரூபித்துத் தப்பவில்லை. பக்கத்தில் டக்ளஸ் இருந்தது, மனசு இருந்தது, தப்பித்தது. அவ்ளோதான்.

நிஜத்திலும் அப்படித்தான் நடந்தது. தெற்கு வேல்ஸில் பாரி என்ற ஊரில் வுட்ஹாம் பிரதர்ஸ் என்ற காயலான் கடை. உடைக்க வந்த 297 என்ஜின்களில் 213 அங்கிருந்து மீண்டு போயின. இன்று பிரிட்டனில் ஓடும் பழைய என்ஜின்களில் பெரும் பங்கு அந்த முற்றத்தில் துருப்பிடித்து நின்றவை. எதனால் தப்பின? சரக்கு வேகன்களை உடைப்பது சுலபம், அவையும் ஏராளமாக வந்துகொண்டிருந்தன. அதனால் என்ஜின்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டார்கள். அவை உருப்படியானவை என்பதால் இல்லை. வேறு ஊர்க் கடைக்குப் போனவை சில வாரங்களிலேயே இரும்புத் துண்டு.

நான் வேலை போனதைப் பற்றி மூன்று வாரமாகத் தேடிக்கொண்டிருந்தது ஒரு காரணத்தை. எந்த ரிவ்யூவில் எந்த வரி, எந்த மீட்டிங்கில் நான் சும்மா இருந்தேன் என்று. என்னையறியாமல் நானும் அக்கா மகன் கேட்டதையேதான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

*

ஆட்ரி டீசலை வெறுத்தவர் என்று ஒரு பேச்சு உண்டு. முழுசாக உண்மை இல்லை. அதே 1968 புத்தகத்தில் இரண்டு டீசல்கள் சோடோருக்கு வருகின்றன. ஒன்று வாய்த்துடுக்கு, வழியிலேயே படுத்துவிடுகிறது. மற்றது, டி7101, நல்ல உழைப்பாளி. அது தீவிலேயே தங்கிவிடுகிறது. உறுமும் சத்தத்தால் 'பேர்' என்று கரடிப் பெயர் வைக்கிறார்கள். நம்பராக வந்ததற்குப் பேரே பேர் என்று நான் சொல்ல, அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

ஹைமெக் என்ற அந்த டீசல் வகையை 1961 முதல் 1964 வரை கட்டினார்கள். மொத்தம் 101. நல்ல என்ஜின்கள். ஆனால் மற்ற வட்டாரங்களின் டீசல்களோடு பொருந்தாத ஹைட்ராலிக் அமைப்பு, அதனால் 1975க்குள் எல்லாவற்றையும் கழித்துவிட்டார்கள். எஞ்சியவை நான்கு. எண்கள் டி7000இல் தொடங்கி டி7100இல் முடிகின்றன. டி7101 என்று ஒன்று கிடையாது. ஆட்ரி பட்டியலின் கடைசி எண்ணுக்கு அடுத்த எண்ணை எடுத்துக்கொண்டார். தீவையும் அப்படித்தான் பிடித்தார்: 'சோடோர் அண்ட் மேன்' என்று ஒரு மறைமாவட்டம் இருக்கிறது, மேன் என்ற தீவு இருக்கிறது, சோடோர் இல்லை, அந்தக் காலி இடத்தில் தன் தண்டவாளத்தைப் போட்டார்.

"அப்ப பேர் தப்பிச்சிடுச்சா?" என்றான்.

"தப்பிச்சிடுச்சு."

"சமத்தா இருந்துச்சா?"

"மத்ததெல்லாமும் சமத்துதான்டா" என்றேன். அவன் நம்பவில்லை. பக்கத்தைப் பின்னால் புரட்டி, கார்டன் சோகமாக நிற்கும் படத்தை எடுத்து வைத்துக்கொண்டு, ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.