கம்பி அறுந்தால் கத்தும், காற்று அறுந்தால்?

"ஏற்கெனவே ஓடுகிற அலாரம் இருக்கிறதே சார், அதோடு நாலு வயர்லெஸ் சென்சார் சேர்த்துவிடலாம். சுவரை உடைக்க வேண்டாம், அரை நாள் வேலை." பாதுகாப்புச் சாதனம் விற்க வருகிறவர்கள் எந்த ஊரிலும் இதைத்தான் சொல்கிறார்கள். வாலாஜாபாத் அருகே ஐயம்பேட்டை மாதிரி நெசவூரில் இந்தப் பேச்சுக்குக் கூடுதல் மவுசு. பட்டுச் சேலையும் சரிகையும் அடுக்கிவைத்த கிடங்கு, தறியும் குடித்தனமும் ஒரே கூரைக்குள் இருக்கும் வீடு, உலோகத் திருமேனிகள் உள்ள கோயில் என மூன்று வகைக் கட்டடத்திலும் காக்க வேண்டிய பொருள் இருக்கிறது. மூன்றுக்கும் ஒரே விடை சரிப்படுமா?

முதலில் பழைய கம்பி முறைக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடுவோம். கதவில் காந்தம், நிலையில் ரீட் சுவிட்ச், அங்கிருந்து அலாரத்தின் மூளையான பேனல் வரை இரண்டு கம்பி. வரிசையின் கடைசியில் சில ஆயிரம் ஓம் மதிப்புள்ள ஒரு சின்ன ரெசிஸ்டர். பேனல் அந்த மின்தடையை ஓயாமல் அளந்துகொண்டே இருக்கும். கம்பியை வெட்டினால் அளவு மாறும், இரண்டையும் முறுக்கிச் சேர்த்தாலும் மாறும். எப்படியும் சைரன் அலறும். ஒழுங்காகப் போட்ட கம்பி ஸோனை (பேனல் தனியாகக் கண்காணிக்கும் ஒரு பாதையை) எளிதில் சத்தமில்லாமல் சாகடிக்க முடியாது என்பதுதான் அதன் பெருமை. ஒழுங்காகப் போட்டால்தான். பல இடங்களில் அந்த ரெசிஸ்டரைக் கதவோரம் கொண்டுபோக அலுத்துக்கொண்டு பேனல் பெட்டிக்குள்ளேயே மாட்டிவிடுகிறார்கள். அப்படி மாட்டினால் நடுவழியில் கம்பிகளை முறுக்கிவிட்டு நிதானமாகக் கதவைத் திறக்கலாம், பேனலுக்கு எதுவும் தெரியாது. வயர்லெஸ்ஸைப் பற்றி யோசிக்கிறவர்கள் முதலில் பெட்டியைத் திறந்து இதைப் பார்த்துக்கொள்வது நல்லது. புதிய சாதனம் வாங்கும் தேவையே சில சமயம் அங்கே தீர்ந்துவிடும்.

கம்பிக்குக் குறைகளும் உண்டு. எலி கடிக்கும். நீளக் கம்பி இடி மின்னலின் எழுச்சியைப் பேனல் வரை கொண்டுவந்து சேர்க்கும். இவற்றைவிடப் பெரிய குறை, துளை போட்டாக வேண்டும் என்பது. கோயிலில் இது லேசான விஷயமில்லை. கல்வெட்டுள்ள சுவரில் டிரில் வைப்பது திருட்டைத் தடுக்கப் போய் வேறொரு சேதத்தைச் செய்வதாகும். வயர்லெஸ்ஸுக்கு நான் கொடுக்கும் பெரிய மதிப்பெண் இதற்குத்தான். கூலி மிச்சம் என்பதெல்லாம் அப்புறம்.

ஆனால் கம்பியை எடுத்த இடத்தில் அந்த ஓயாத அளவீடும் போய்விடுகிறது. சந்தையில் மலிவாகக் கிடைக்கும் 433 மெகாஹெர்ட்ஸ் கதவு சென்சார்கள் பலவற்றில் ஈவி1527 என்ற சில்லு இருக்கும். அதில் 20 பிட் நிலையான குறியீடு. மொத்தம் பத்து லட்சத்துச் சொச்சம் சேர்க்கைகள். கதவு திறந்தால் அந்த எண்ணைக் காற்றில் வீசும், அவ்வளவுதான். பேனலுக்குக் கிடைத்ததா என்று அதற்குத் தெரியாது. சென்சார் உயிரோடு இருக்கிறதா என்று பேனலுக்கும் தெரியாது. பேட்டரி தீர்ந்த சென்சாரும் பூட்டிய கதவும் பேனலின் கண்ணுக்கு ஒன்றுதான். நிலையான குறியீட்டை ஒட்டுக்கேட்டுத் திரும்ப ஒலிபரப்பவும் முடியும். 2016-இல் அமெரிக்காவில் சிம்ப்ளிசேஃப் அலாரத்தின் கீபேட் அனுப்பிய சிக்னலைப் பதிவுசெய்து மறுபடி அனுப்பியே அலாரத்தை அணைக்கலாம் என்று ஐஓஆக்டிவ் நிறுவனத்தின் ஆண்ட்ரூ சோனன்பெர்க் காட்டினார். காசு கொடுத்து வாங்கிய பிராண்டுக்கே அந்தக் கதி.

இந்த மௌனத்துக்கு என்ன விலை என்பதற்கு நம் மாநிலத்திலேயே சாட்சி இருக்கிறது. அரியலூர் பக்கம் ஸ்ரீபுரந்தான் கோயில் பூட்டிக் கிடந்தது. 2006-இல் அங்கிருந்து நடராசர் உள்ளிட்ட திருமேனிகள் போயின. 2008-இல் சிலைகளைப் பத்திரமான இடத்துக்கு மாற்ற அதிகாரிகள் வந்து கதவைத் திறந்தபோதுதான் விஷயம் வெளியே தெரிந்தது. அதே 2008-இல் ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் அந்த நடராசரை 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. 2014 செப்டம்பரில்தான் அவர் நாடு திரும்பினார். இரண்டு ஆண்டு யாரும் கேட்காத ஒரு கதவு. அங்கே அலாரம் இருந்திருந்தாலும், பேட்டரி தீர்ந்ததைச் சொல்லத் தெரியாத சென்சாராக இருந்தால் கதை மாறியிருக்காது.

நல்ல வயர்லெஸ் இந்தக் குறையைச் சரிக்கட்டத்தான் குறித்த இடைவெளியில் "இருக்கிறேன்" என்று பேனலுக்குச் சொல்லும். அந்த இடைவெளி எவ்வளவு என்பதில்தான் சூட்சுமம். ஐரோப்பியத் தரவிதியான இஎன் 50131-5-3, இரண்டாம் பாதுகாப்பு நிலை அமைப்புக்கு 120 நிமிடம் வரை அனுமதிக்கிறது; மூன்றாம் நிலைக்கு 100 விநாடி. சென்சார் செத்தது தெரிய இரண்டு மணி நேரம் ஆகலாம் என்றால் கிடங்கின் பின்கட்டு ஜன்னலுக்கு அது போதும். திருமேனிகள் வைத்த பாதுகாப்பு அறைக்குப் போதவே போதாது.

இருக்கிற பேனலோடு இணைக்க இரண்டு வழி உண்டு. பேனலைச் செய்த நிறுவனத்தின் ரிசீவரையே கீபேட் போகும் நாலு கம்பிப் பாதையில் மாட்டி, ஒவ்வொரு சென்சாரையும் தனி ஸோனாகக் கற்றுக்கொடுப்பது ஒன்று. எந்தக் கதவு, பேட்டரி குறைவா, மூடியைத் திறந்தார்களா என்பதெல்லாம் தனித்தனியாகத் தெரியும். இன்னொன்று ஒட்டு வேலை: ஏதோ ஒரு ரிசீவர், அதன் ரிலேயிலிருந்து இரண்டு கம்பி, பழைய பேனலின் காலி ஸோனில் சொருகல். எட்டு கதவு இருந்தாலும் ஒரே ஸோன். சென்சார் அனுப்பும் நலச் செய்தி ரிலேயோடு நின்றுவிடும், பேனலுக்கு வந்து சேராது. அரை நாள் வேலை என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான்.

இனி ஊர் நிலவரம். தறி அடிக்கிற வீட்டில் அதிர்வு சென்சார் வைப்பது வீண். பலகை அடிக்கும் ஒவ்வொரு அடியும் அதற்குத் திருட்டுதான். ஓட்டு வீட்டில் கள்ளன் ஓட்டைப் பிரித்து இறங்குவான், கதவு சென்சார் நல்ல பிள்ளையாகச் சும்மா இருக்கும். உடல் சூட்டைக் கொண்டு நடமாட்டத்தை உணரும் பி.ஐ.ஆர். சென்சார் வைத்தால் அதன் கண்ணாடி மேல் ஊரும் பல்லி அதற்கு யானை அளவுக்குத் தெரியும். கோயிலிலோ வௌவால். சித்திரை வெயிலில் கல்லும் மனித உடலும் ஏறக்குறைய ஒரே சூடு என்பதால் பி.ஐ.ஆருக்கு ஆள் சரியாகப் புலப்படாது. ஈரமேறிய கருங்கல்லும் இரும்பு மடக்குக் கதவும் அலையை மட்டுப்படுத்தும். மழைக்காலத்தில் மரக்கதவு உப்பி, காந்தத்துக்கும் சுவிட்ச்சுக்கும் நடுவே இடைவெளி கூடும். எண்ணெய்ப் பிசுக்கேறிய நிலையில் ஒட்டுநாடா நிற்காது. அலைவரிசையையும் கவனிக்க வேண்டும். இந்தியாவில் 865–868 மெகாஹெர்ட்ஸ் உரிமமின்றிப் பயன்படுத்தத் திறந்திருக்கிறது. ஐரோப்பாவுக்காகச் செய்த 868.3 சரக்கு அதற்குள் அடங்காது.

என் தீர்ப்பு இது. நெசவாளர் வீட்டுக்கு வயர்லெஸ் சேர்ப்பு வேண்டாம். ஆள் எப்போதும் இருக்கும் வீடு. அந்தப் பணத்தில் சரிகைக்கும் சேலைக்கும் ஒரு கனத்த இரும்புப் பெட்டி வாங்கித் தரையோடு பதிப்பது மேல். கிடங்குக்கு வேண்டும்: அதே நிறுவனத்து ரிசீவர், தனித்தனி ஸோன், கதவுக்கும் ஜன்னலுக்கும் மட்டும். கோயிலில் பாதுகாப்பு அறையின் கம்பி ஸோனைத் தொடவே கூடாது. துளை போடக் கூடாத வெளிக்கதவுகளுக்கு மட்டும் வயர்லெஸ். ரிலே ஒட்டு வேலை மூன்று இடத்துக்கும் ஆகாது, சும்மா கொடுத்தாலும்.

மாட்டி முடித்ததும் பணம் கொடுக்கும் முன் ஒரு வேலை செய்யுங்கள். ஒரு சென்சாரின் பேட்டரியை உங்கள் கையால் கழற்றிவிட்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்காருங்கள். பேனல் அதைக் கண்டுபிடித்துச் சொல்லும்வரை பில்லில் கையெழுத்துப் போடாதீர்கள்.