டாட்டி ராம்போ: இரண்டு தெருக்களுக்கு நடுவே ஒரு பாட்டுக்காரி

அமெரிக்கக் கிறிஸ்தவப் பாட்டில் இரண்டு தெருக்கள் உண்டு. தென் மாநில வெள்ளையர்களின் ‘சதர்ன் காஸ்பெல்’ ஒன்று. கறுப்பினத் திருச்சபைகளில் வளர்ந்த காஸ்பெல் இன்னொன்று. பைபிள் ஒன்றுதான், மேடையும் ரசிகர்களும் வேற வேற.

டாட்டி ராம்போ முதல் தெருக்காரர். கணவர் பக், மகள் ரீபாவோடு ‘த ராம்போஸ்’ என்ற குழுவாகப் பாடியவர். 2,500 பாடல்களுக்கு மேல் எழுதியதாகச் சொல்வார்கள். அவரைப் பற்றி எழுதுறவங்க பெரும்பாலும் துயரங்களைத்தான் வரிசைப்படுத்துறாங்க. 1934இல் கெண்டக்கியில் பிறந்தது, பாட்டுக்காகச் சின்ன வயசிலேயே வீட்டை விட்டுக் கிளம்பியது, முதுகெலும்புப் பாதிப்பு, மணமுறிவு, 2008இல் மிசூரியில் பஸ் விபத்தில் மரணம். இதெல்லாம் உண்மைதான். ஆனா இதுவே முழுக் கதை ஆகிடுச்சுன்னா, அவர் செய்த வேலை மறைஞ்சு போகும்.

1968இல், மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட அதே வருஷம், கறுப்பினப் பாடகர் குழுவோடு சேர்ந்து ‘இட்ஸ் த சோல் ஆஃப் மீ’ ஆல்பத்தைப் பாடினார். தென் மாநில வெள்ளைப் பாடகிக்கு அது லேசான காரியம் இல்லை. அதற்கு கிராமியும் கிடைத்தது, ‘சோல் காஸ்பெல்’ பிரிவில்.

இங்கேதான் எனக்கு உறுத்துது. கறுப்பின இசையை அடையாளம் காட்டவே வைத்த பிரிவு அது. அதிலும் பரிசு வெள்ளைப் பாடகிக்கா? துணிச்சல் அவருடையது, சந்தேகமில்லை. விருதுக்குழுவின் பார்வையில் மட்டும் கோளாறு இருந்தது என்றே நினைக்கிறேன்.

ஆனால் பாட்டு விருதைவிட நேர்மையானது. அவர் எழுதிய ‘ஐ கோ டு த ராக்’ கேள்வியும் பதிலுமாகப் போகிற பாட்டு. ஒருவர் கேட்க, கூட்டம் பதில் சொல்ல, அது கறுப்பினத் திருச்சபையின் பழைய பழக்கம். 1996இல் ‘த ப்ரீச்சர்ஸ் வைஃப்’ படத்துக்காக விட்னி ஹூஸ்டன், ஜார்ஜியா மாஸ் கொயரோடு அதைப் பாடினார். வெள்ளைத் தெருவில் எழுதிய பாட்டு அங்கே விருந்தாளியாகத் தெரியவில்லை, வீட்டுக்காரராகவே உட்கார்ந்துகொண்டது.

கடன் வாங்கியதைத் திருப்பிக் கொடுத்தாரா என்றால், என் கணக்கில் ஆமாம். வட்டி, அந்தப் பாட்டு.